‘லினக்ஸில் அப்படித்தான் காட்டும்’ என்றால் நம்பாதீர்கள்

மட்டக்களப்பு நகரில் மடிக்கணினியை லினக்ஸ் (விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளம்) போடக் கடைக்குக் கொடுக்க நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

என்னுடையது ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ7 செயலியும் என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் அட்டையும் உள்ள கேமிங் மடிக்கணினி. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தச் செயலியை ஏற்காது. விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டுப் பார்க்கலாம் என்று நகரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். “விண்டோஸில் கை வைக்க வேண்டாம்” என்று இரண்டு முறை சொன்னேன். “பிரச்சினை இல்லை தம்பி, எல்லா கேமும் ஓடும்” என்றார் கடைக்காரர்.

இரண்டு நாள் கழித்துக் கையில் தந்த பில் 9,500 ரூபாய். அதில் 6,000 ரூபாய் ‘லினக்ஸ் லைசன்ஸ்’. லினக்ஸ் மின்ட் இலவசம். யாரும் தரவிறக்கலாம். அன்று எனக்கு அது தெரியாததால் கொடுத்துவிட்டேன்.

கல்லடியில் வீட்டுக்கு வந்து திறந்தால் விண்டோஸைக் காணவில்லை. நிறுவும்போது முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டிருக்கிறார். மாமாங்கக் கோயில் தீர்த்தத்தன்று குளத்துப் படிக்கட்டில் அம்மம்மா ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்த படங்கள் அதில்தான் இருந்தன. அம்மம்மா இப்போது இல்லை. வேறு பிரதியும் இல்லை.

என் தம்பி கேமைத் திறந்தான். படம் விட்டுவிட்டு நகர்ந்தது. கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன், “லினக்ஸில் அப்படித்தான்” என்றார். உண்மையில் கிராபிக்ஸ் அட்டையை இயக்கும் மென்பொருளான என்விடியாவின் டிரைவரை அவர் போடவே இல்லை. மின்டிலேயே இருக்கும் டிரைவர் மேனேஜரில் அதைத் தெரிவு செய்து, கணினியை மறுபடி தொடக்கியதும் கேம் சீராக ஓடியது. ‘எல்லா கேமும்’ என்பதும் பொய். வேலரண்ட் என்ற கேமின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் இயங்காது, ஆகவே அந்த கேமும் ஓடாது. தம்பி அதிகம் விளையாடுவது அதைத்தான்.

அதன் பிறகுதான் பெரிய திருட்டு கண்ணில் பட்டது. 16 ஜிபி ரம் (கணினியின் நினைவகம்) இருந்த இயந்திரம் 8 ஜிபிக்கும் குறைவாகக் காட்டியது. நேரிலேயே போய்க் கேட்டேன். “பாதியை லினக்ஸ் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், அப்படித்தான் காட்டும்” என்று முகம் மாறாமல் சொன்னார். லினக்ஸ் சும்மா கிடக்கும் ரம்மைத் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்துவது உண்மை. ஆனால் மொத்த அளவு அதனால் ஒருபோதும் பாதியாகாது. கிராபிக்ஸுக்காகச் சிறு பகுதி கழியும், அவ்வளவுதான்.

வீட்டில் பின்மூடியைக் கழற்றினேன். பதினொரு திருகாணிகள் இருக்க வேண்டிய இடத்தில் பத்து. உள்ளே ஒரு ரம் துண்டின்மேல் பல வருடத் தூசி. பக்கத்தில் இன்னொரு ரம் துண்டைச் செருகும் இடம் வெறுமை. அதன் உலோகக் கொக்கிகள் தூசி படாமல் பளபளத்தன. அங்கே அதுவரை ஒரு துண்டு இருந்தது என்பதற்கு அந்தப் பளபளப்பைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? படம் எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். “கொண்டுவரும்போதே ஒன்றுதான் இருந்தது” என்றார். கொடுக்கும் முன் நான் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. அதுதான் அவருக்கு வாய்ப்பாகப் போனது.

ஆகவே கொடுப்பதற்கு முன் பின்மூடியைத் திறந்து, ரம்மிலும் டிஸ்க்கிலும் உள்ள தொடர் இலக்கங்கள் தெரியப் படம் எடுங்கள். படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். எந்த வேலைக்கு எவ்வளவு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் நோக்கமென்றால் கடையே தேவையில்லை: 8 ஜிபி பென்டிரைவில் மின்டை ஏற்றி, டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, திரை எல்லாம் வேலை செய்கின்றனவா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். ‘லினக்ஸ் லைசன்ஸ் 6,000’ என்று அவர் கைப்பட எழுதிய பில் என்னிடம் இருக்கிறது. இதே அனுபவம் உள்ளவர்கள் தங்கள் பில்லைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.