அறிவியல் கண்காட்சி அறிக்கை: கையால் எழுதுவதா, கணினியில் அடிப்பதா?

கண்காட்சி நெருங்கினால் எங்கள் வீட்டில் முதல் சண்டை இதுதான். மகள் பச்சைப்பயறு முளைவிடுவதை எடுத்துக்கொண்டாள். ஒரு கிண்ணத்தில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் உப்புத் தண்ணீர், கிண்ணத்துக்கு 20 பயறு, ஐந்து நாள்.

கையால் எழுதுவதன் பலம் வரைபடத்தில் தெரிந்தது. கிராஃப் தாளில் புள்ளி வைக்கும்போதே, மூன்றாம் நாள் புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி நின்றது. நோட்டைப் புரட்டினால், அவள் எழுதியிருந்த 8-ஐ அவளே 3 என்று படித்திருக்கிறாள்! கணினி அந்தத் தப்பையும் சேர்த்து அழகாகக் கோடு போட்டிருக்கும்.

சரி, கணினிக்கு என்ன லாபம்? திருத்தம் சுலபம். ‘நோக்கத்தை முன்னால் கொண்டு வா’ என்று ஆசிரியர் சொன்னால், கையெழுத்தில் நாலு பக்கம் மறுபடி எழுத வேண்டும். கணினியில் வெட்டி ஒட்டினால் போதும். அந்த வசதியே இணையத்தில் இருப்பதை அப்படியே அள்ளிப்போடவும் தூண்டும். அப்புறம், கடையில் கொடுத்து அடிப்பதானால், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குப்பையாகத் தெரியும்.

என் ஓட்டு: அளவீடும் வரைபடமும் கையால்தான். மற்றதைக் கணினியில் அடிக்கலாம், ஆனால் பிள்ளையே அடிக்க வேண்டும். அப்பா அடித்த அறிக்கை, நடுவர் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.