முந்தின நாளே ஓவனில் வைத்து எடுக்கும் முட்டைக் காலை உணவு: இரண்டரை வருட அனுபவம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கி, 10 முட்டையை உடைத்து, வதக்கிய காயும் சீஸும் சேர்த்து 12 குழி மஃபின் ட்ரேயில் ஊற்றி ஓவனில் வைத்துவிட்டால், வியாழன் காலை வரை எனக்குச் சாப்பாட்டுக் கவலை கிடையாது. இரண்டரை வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. நடுவில் ஆறு வாரம் நிறுத்தியிருந்தேன், அதையும் சொல்கிறேன்.

ஆரம்பித்த காரணம் எளிது. காலை ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். கையில் கிடைத்த பிஸ்கட்டோ ரொட்டியோ சாப்பிட்டுவிட்டு ஓடுவேன். பத்தரை மணிக்குள் வயிறு கிள்ள ஆரம்பிக்கும், பதினொன்றுக்குக் கவனம் முழுக்கச் சாப்பாட்டின் மேல்தான் இருக்கும். காலையிலேயே 25 கிராம் புரதம் உள்ளே போனால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம் என்றுதான் தொடங்கினேன்.

இந்தக் கணக்கில் பலர் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய முட்டையில் இருப்பது ஏறக்குறைய 6 கிராம் புரதம்தான். மாவுச்சத்து அரை கிராம் அளவுக்கு, கலோரி 70 சொச்சம். ஆக ஒரு குழிக்கு ஒரு முட்டை என்று ஊற்றி இரண்டு சாப்பிட்டால் 12 கிராமோடு நின்றுவிடும். ‘புரதம் நிறைந்த காலை உணவு’ என்று பெயர் வைத்துக்கொண்டு இரண்டே இரண்டு சாப்பிட்டுவிட்டு, பசிக்கிறதே என்று கேட்டால் என்ன செய்வது? என் அளவு இது: 10 முட்டை, 200 கிராம் காட்டேஜ் சீஸ் (பனீர் அல்ல, ஈரமாக உதிரி உதிரியாக இருக்கும் மென்மையான சீஸ்), துருவிய கெட்டிச் சீஸ் 60 கிராம், வதக்கிய காய் 200 கிராம் போல. இது 12 குழிக்கு வரும். ஒன்றில் சுமார் 8 கிராம் புரதம், 2 கிராம் மாவுச்சத்து, 100 கலோரிக்குச் சற்று மேல். மூன்று சாப்பிட்டால் 25 கிராம் புரதம் தேறிவிடும், மாவுச்சத்து 6 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். மூன்று மூன்றாக நான்கு காலைக்கு வருகிறது.

முதல் இரண்டு மாதம் எனக்கு வந்தது முட்டையல்ல, ஈரப் பஞ்சு. ஞாயிறு இரவு ட்ரேயிலிருந்து எடுக்கும்போது உப்பி, பொன்னிறமாக, பார்க்கவே ஆசையாக இருக்கும். புதன்கிழமை டப்பாவைத் திறந்தால் அடியில் ஒரு விரல்கடை தண்ணீர் நிற்கும். சூடாக்கினால் இன்னும் தண்ணீர் விடும். கடித்தால் ரப்பர் மாதிரி இருக்கும். முட்டையை மாற்றிப் பார்த்தேன், பால் சேர்த்தேன், பாலை நிறுத்தினேன், சீஸை மாற்றினேன். எதுவும் உதவவில்லை. கடைசியில் புரிந்தது இதுதான்: இந்தச் சமையலில் பார்த்துக்கொள்ள வேண்டியது முட்டையை அல்ல, தண்ணீரை. அது எங்கெங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, காயிலிருந்து வருவது. 100 கிராம் தக்காளியில் ஏறக்குறைய 94 கிராம் தண்ணீர். காளான், குடைமிளகாய், பசலைக்கீரை எல்லாமே 90 கிராமுக்கு மேல்தான். நான் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் பச்சையாகவே பொடியாக நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன், வேலை மிச்சம் என்று. முட்டை இறுகுகிற நேரத்தில் காய் தன் தண்ணீரை விட்டுக்கொண்டிருக்கும். அது போவதற்கு வழி ஏது? முட்டைக்கு நடுவிலேயே குளமாக நிற்கும். இப்போது காளானை உப்புப் போட்டு அகலமான வாணலியில், மூடாமல், சத்தம் அடங்கும்வரை வதக்குகிறேன். தண்ணீர் இருக்கும்வரை அது கொதிக்கிற சத்தம் கேட்கும். வற்றியதும் சத்தம் மாறி, பொரிகிற ஓசை வரும். அந்த ஓசைதான் அடையாளம். கீரையை வதக்கி ஆறவிட்டு, கையில் அள்ளி ஒட்டப் பிழிந்துவிடுவேன். கால் கிலோ கீரை ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். வெங்காயம், குடைமிளகாய் இரண்டும் சுருளும்வரை. தக்காளியை உள்ளே போடுவதையே விட்டுவிட்டேன். ஆசையாக இருந்தால் சாப்பிடும்போது பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். வதக்கிய காய் முழுக்க ஆறிய பிறகுதான் முட்டையில் சேர்க்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

இரண்டாவது, முட்டையே விடுகிற தண்ணீர். வெந்தபின் உலர்ந்தாற்போல் தெரிகிற முட்டை எப்படித் தண்ணீர் விடும் என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை. சூடு ஏறும்போது முட்டையின் புரதம் பிரிந்து, ஒன்றோடொன்று கோத்து வலைபோல ஆகிறது. அந்த வலைதான் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால்தான் மெத்தென்று இருக்கிறது. அதற்கு மேலும் சூடு கொடுத்துக்கொண்டே போனால் வலை இறுகி, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதைப் போல உள்ளே இருந்த தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஆக, ஒரே தவற்றில் இரண்டு தண்டனை: முட்டை ரப்பராகவும் ஆகும், தண்ணீரும் விடும். நான் 200 டிகிரியில் 25 நிமிடம் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது 165 டிகிரி செல்சியஸ், கீழ்த்தட்டில் ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர். 22 நிமிடத்தில் பார்க்க ஆரம்பிப்பேன். ட்ரேயை லேசாக அசைத்தால் நடுப்பகுதி மட்டும் கொஞ்சம் ஆட வேண்டும், ஓரம் ஆடக்கூடாது. அப்போது எடுத்துவிட்டால் மிச்சத்தை உள்ளிருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் உணவு வெப்பமானியைக் குத்திப் பார்ப்பது நல்லது. முட்டை சேர்த்த உணவுகள் உள்ளே 71 டிகிரியைத் தொட வேண்டும் என்பது பாதுகாப்புக்கான அளவு. நான் 72, 73-இல் எடுக்கிறேன். இரண்டரை வருடத்தில் இதற்காக வாங்கிய பொருள்களில் எனக்கு அதிகம் உதவியது அந்த வெப்பமானிதான், ட்ரேகூட இல்லை.

ஒருமுறை போன் பேசிக்கொண்டே மறந்துபோய், முக்கால் மணி நேரம் உள்ளேயே இருந்துவிட்டது. ஓரமெல்லாம் சாம்பல் கலந்த பச்சை. கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்தேன். வெள்ளைக்கருவில் இருக்கும் கந்தகமும் மஞ்சள் கருவில் இருக்கும் இரும்பும் அதிகச் சூட்டில் சேர்ந்தால் அந்த நிறம் வரும். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, சுவைதான் போய்விடும்.

உப்பி வந்தது வெளியே எடுத்ததும் அமுங்கிவிடுகிறதே என்று கேட்பவர்களுக்கு: அது அமுங்கத்தான் செய்யும். உள்ளே இருக்கும் நீராவியால் உப்பியது, நீராவி அடங்கினால் இறங்கும். உங்கள் மேல் தவறு இல்லை.

மூன்றாவது தண்ணீர், மூடியிலிருந்து சொட்டுவது. சூடாகவே டப்பாவில் அடைத்து மூடினால் ஆவி மூடியில் வியர்த்து, திரும்ப முட்டை மேலேயே விழும். ட்ரேயிலிருந்து எடுத்துக் கம்பித்தட்டில் வைத்து ஆறவிட வேண்டும். ஆனால் ஆறட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடவும் கூடாது, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போயாக வேண்டும். எனக்கு முக்கால் மணி நேரம் போதுமானதாக இருக்கிறது. டப்பாவின் அடியில் ஒரு டிஷ்யூ விரித்து அடுக்குகிறேன். ஃபிரிட்ஜ் 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்தால் மூன்று முதல் நான்கு நாள் வரை வைத்துச் சாப்பிடலாம். ஐந்தாம் நாளுக்கு நான் நீட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒரு புது ஆம்லெட் போட்டுக்கொள்கிறேன், அது வாரத்தில் ஒரு மாறுதலாகவும் இருக்கிறது.

ஃப்ரீசரில் வைக்கலாமா? வைக்கலாம், நானும் வைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு மாதம்வரை சாப்பிடக்கூடியதாகத்தான் இருந்தது. ஆனால் உறையும்போது உண்டாகும் பனித்துகள் அந்த வலையைக் கிழித்துவிடுவதால், உருகும்போது தண்ணீர் விடத்தான் செய்கிறது. காய் குறைவாகவும் சீஸ் கூடுதலாகவும் இருப்பவை ஓரளவு தாங்கும். காளான் போட்டவற்றை நான் இனி உறைய வைக்கவே மாட்டேன்.

காட்டேஜ் சீஸைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அப்படியே கலந்தால் திரிதிரியாக நிற்கும், சிலருக்குப் பிடிக்காது. இரண்டு முட்டையோடு சேர்த்து மிக்ஸியில் நைஸாக அடித்துவிட்டு, மீதி முட்டையை முள்கரண்டியால் கலக்கிச் சேர்த்தால் வாயில் வழுக்கிக்கொண்டு போகிற பதம் வரும். முட்டை முழுவதையும் மிக்ஸியில் அடிக்கக் கூடாது. நுரை சேர்ந்து, வெந்தபின் உள்ளே ஓட்டை ஓட்டையாக ஆகிவிடுகிறது. வெள்ளைக்கரு மட்டும் வைத்தும் ஒரு மாதம் செய்தேன். கொழுப்பு குறைகிறது என்னவோ உண்மைதான், ஆனால் இறுகிப்போய் மெல்ல வேண்டியிருந்தது. மஞ்சள் கருவின் கொழுப்புதான் புரதம் ஒரேயடியாக இறுகாமல் பார்த்துக்கொள்கிறது. முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

ட்ரே விஷயம். உலோக ட்ரேயில் ஓரம் நன்றாக நிறம் பிடிக்கும், ஆனால் எண்ணெய் எவ்வளவு தடவினாலும் ஒட்டும். முதல் வருடம் சுரண்டிச் சுரண்டியே மேல்பூச்சு போய்விட்டது. அப்புறம் ரப்பர்போல வளையும் சிலிக்கோன் ட்ரே வாங்கினேன். தலைகீழாகக் கவிழ்த்து அமுக்கினால் பொத்தென்று விழுகிறது, அந்த நிம்மதியே தனி. ஆனால் தளதளவென்று ஆடும், அதனால் ஊற்றுவதற்கு முன்பே அடியில் கெட்டியான தட்டு வைத்துவிட வேண்டும். சூடும் மெதுவாகத்தான் ஏறும், நான்கைந்து நிமிடம் கூடுதலாக எடுக்கும். இரண்டில் ஒன்று என்றால் நான் சிலிக்கோனைத்தான் சொல்வேன்.

என் கணவரும் சேர்ந்துகொண்ட பிறகு 24 குழி என்று ஆனது. இரண்டு முறை ஊற்றி, இரண்டு முறை கழுவ எனக்கு முடியவில்லை. அப்போதுதான் 23-க்கு 33 சென்டிமீட்டர் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாறினேன். அடியில் பேக்கிங் பேப்பர் விரித்து, 20 முட்டைக் கலவையை ஒரே ஊற்றாக ஊற்றி, 165 டிகிரியில் 40 நிமிடம். ஆறியதும் சதுரம் சதுரமாக வெட்டிவிட்டால் ஆயிற்று. அழகு குறைவுதான், ஆனால் ஓரம் குறைவாக இருப்பதால் காய்ந்துபோவதும் குறைவு. பதத்தில் இதுதான் சிறந்தது என்பது என் முடிவு.

காலையில் சூடாக்குவதில் அவசரப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை பட்ட பாடு வீண். மைக்ரோவேவில் முழு வேகத்தில் வைத்தால் ஓரம் கொதித்துத் தண்ணீர் விட, நடு ஜில்லென்று இருக்கும். பாதி வேகத்தில், ஈரமான டிஷ்யூ போர்த்தி, மூன்றுக்கு ஒன்றரை நிமிடம். பிறகு ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். நடுவில் ஆவி பறக்க வேண்டும், வெப்பமானியில் 74 டிகிரி. ஒரு எச்சரிக்கை: கலக்காமல் முழுசாக மஞ்சள் கருவோடு செய்ததை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். என் மகளுக்காக அப்படி ஒருமுறை செய்தேன். வெளியே எடுத்து முள்கரண்டியால் தொட்ட கணம் படாரென்று வெடித்தது. கையோடு போயிற்று, முகத்தில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மஞ்சள் கருவைக் கலக்காமல் எதுவும் செய்வதில்லை.

எட்டாவது மாதம் அலுத்துவிட்டது. டப்பாவைத் திறந்தாலே வேண்டாம் என்று இருந்தது. ஆறு வாரம் நிறுத்திவிட்டேன். திரும்ப வந்ததற்குக் காரணம் ஒரு சின்ன மாற்றம்தான். கலவையில் மசாலாவைக் குறைத்துவிட்டு, ருசியைத் தட்டில் சேர்க்க ஆரம்பித்தேன். ஒருநாள் மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும், ஒருநாள் காரச் சட்னி, ஒருநாள் கெட்டித் தயிரும் கொத்தமல்லியும். ஒரே முட்டை நான்கு விதமாக ஆனது. உப்பை மட்டும் கலவையிலேயே போட்டுவிட வேண்டும், அதுவும் சீஸில் இருக்கும் உப்பைக் கழித்துக்கொண்டு. 10 முட்டைக்கு முக்கால் டீஸ்பூனுக்கு மேல் நான் போடுவதில்லை.

இன்னொரு குறை, அதையும் சொல்லியாக வேண்டும். முட்டையில் நார்ச்சத்து என்பதே கிடையாது. முதல் மாதத்திலேயே வயிறு அதை எனக்கு உணர்த்திவிட்டது. இப்போது பக்கத்தில் ஒரு கிண்ணம் வெள்ளரியோ பச்சைக் காய்கறியோ கட்டாயம் இருக்கும். கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் காலை உணவை இப்படி மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் மருந்தின் அளவையே மாற்ற வேண்டி வரலாம்.

பசி விஷயத்தில் எனக்குக் கிடைத்தது நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். கிளம்புவதற்கு முன் சாப்பிட்டால் மதியம் ஒரு மணி வரை தாங்குகிறது. எடை குறைந்ததா என்று கேட்பார்கள். முதல் ஆறு மாதத்தில் இரண்டு கிலோ குறைந்தது, அதற்குப் பிறகு அப்படியே நிற்கிறது. பதினொரு மணிக்கு எதையாவது கொறிப்பது நின்றதால்கூட இருக்கலாம், முட்டைக்கே முழுப் பெருமையும் கொடுக்க மாட்டேன்.

இந்த வாரத்துக் கலவையில் பிழிந்த கீரையும் நன்றாக வதக்கிய வெங்காயமும். இன்று புதன்கிழமை. டப்பாவின் அடியில் விரித்த டிஷ்யூ லேசாக ஈரமாகியிருந்தது, அவ்வளவுதான்.