கேள்விப் பட்டியலா, இணையத் தேடலா, ஆதாரத் தாளா?

மக்கள் தொடர்பு படிக்கும் மாணவர்களுக்குத் தகவல் சரிபார்க்கக் கற்றுக்கொடுக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. கேள்விப் பட்டியலை வைத்து ஓர் ஆதாரத்தை எடைபோடுவது ஒன்று. அந்த ஆதாரத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று இணையத்தில் தேடுவது இன்னொன்று. தான் எழுதிய பத்திரிகை அறிக்கையையே கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றுக்கும் ‘ஆதாரத் தாள்’ ஒன்றில் ஆதாரம் காட்டுவது மூன்றாவது. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயா மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு மூன்றாவதுதான் சரிப்படும் என்று முடிவெடுத்து, பாடத்தையும் அப்படியே மாற்றிவிட்டோம். மற்ற இரண்டும் வீண் இல்லை. ஆனால் அவை வேறு வேலைக்கானவை.

கேள்விப் பட்டியலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகர்கள் 2004இல் உருவாக்கியது இது. தகவல் புதிதா, தேவைக்குப் பொருந்துமா, எழுதியவருக்குத் தகுதி உண்டா, துல்லியமா, நோக்கம் என்ன என்று ஐந்து கேள்விகள். அரை மணி நேரத்தில் நடத்தி முடிக்கலாம், மதிப்பெண் போடுவதும் சுலபம். கோளாறு என்னவென்றால், பக்கத்தில் நல்ல சின்னமும் முகவரியும் ‘எங்களைப் பற்றி’யும் இருந்துவிட்டால், மாணவர் ஐந்துக்கும் ‘ஆம்’ போட்டுவிட்டுப் போய்விடுவார்.

இணையத் தேடல் இதைவிட எவ்வளவோ மேல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க், சாரா மக்ரூ இருவரும் 10 வரலாற்று முனைவர்கள், 10 தொழில்முறைச் சரிபார்ப்பாளர்கள், 25 இளநிலை மாணவர்கள் ஆகியோரை ஒப்பிட்டு 2017இல் ஆய்வு வெளியிட்டார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தை முழுதாகப் படிக்காமலே புதுத் தாவல்களைத் திறந்து, இதை நடத்துவது யார் என்று வெளியே போய்த் தேடினார்கள். மற்றவர்கள் அதே பக்கத்தில் மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். இணையத் தகவலைச் சரிபார்க்கக் கற்றுத்தரும் அமெரிக்கர் மைக் கால்ஃபீல்டு இந்தப் பழக்கத்தை நான்கு படிகளாகச் சுருக்கினார்: நில், ஆதாரம் யார் என்று பார், அதைவிட நல்ல செய்தியைத் தேடு, கூற்று கிளம்பிய இடத்துக்கே போ. புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றும் செய்திகளுக்கு இது போதும். உள்ளூரில் வதந்திகளைச் சரிபார்க்க 2017 முதல் இயங்கும் செபெனார்ஞா தளம் இருக்கிறது. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2025 ஜனவரியில் தொடங்கிய ஐஃபா என்ற செயற்கை நுண்ணறிவு உரையாடி தமிழிலும் பதில் தருகிறது. ஐஃபாவை வகுப்பில் குறைவாகத்தான் பயன்படுத்தியிருக்கிறோம். அதன் பதிலை முடிவாகக் கொள்ளாமல், அது காட்டும் ஆதாரத்தைத் திறந்து பார்க்கச் சொல்வதே இப்போதைக்குப் பாதுகாப்பு.

இந்த இரண்டு முறைகளுமே பொய் வெளியிலிருந்து வருகிறது என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை. மக்கள் தொடர்பு அதிகாரிக்குத் தவறான தகவல் பெரும்பாலும் உள்ளிருந்து வருகிறது, அதாவது சம்பளம் கொடுப்பவர் வாயிலிருந்து. கூட்டுறவுக் கழகத் தலைவர், கோவில் செயலாளர், தோட்ட நிறுவன மேலாளர் இவர்கள் சொல்வதுதான் அறிக்கையின் மூலப்பொருள். ஐந்நூறு பேருக்குள் அடங்கும் ஒரு கழகத்தைப் பற்றி இணையத்தில் என்ன கிடைக்கும்? அதிகம் போனால் ஒரு பழைய பத்திரிகைத் துணுக்கு. அதுவும் அந்தக் கழகமே முன்பு அனுப்பிய அறிக்கையின் நகலாக இருக்கும். மாணவர் அதைக் கண்டுபிடித்து ‘இரண்டாவது ஆதாரம்’ என்று எழுதிவிடுவார். வாடிக்கையாளர் தன்னையே சாட்சிக்கு அழைத்த கதைதான் அது. வேறு எந்தக் குறையை விட்டாலும் இந்த ஒன்றைப் பிடிக்காத முறையை நாங்கள் எடுக்க மாட்டோம்.

ஆதாரத் தாள் எப்படி இயங்குகிறது என்பதற்கு, பயிற்சிக்காகவே கற்பனையாக எழுதிய ஒரு வாக்கியம்: “1917இல் செம்பனை முதன்முதலில் மலாயாவுக்கு வந்த தென்னமாரம் தோட்டத்தின் அருகே, பெஸ்தாரி ஜெயாவில் 1958இல் தொடங்கப்பட்ட எங்கள் கழகம், இன்று 480 உறுப்பினர்களுடன், ஊழியர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் மேலாக வழங்கி வருகிறது.” படிக்கச் சரளமாக இருக்கிறது. பிரித்தால் ஐந்து கூற்றுகள், ஐந்திலும் ஏதாவது ஓர் இடறல்.

முதல் கூற்று பாதி சரி. பிரெஞ்சுத் தோட்ட முதலாளி ஹென்றி ஃபோகோனியே 1917இல் தென்னமாரத்தில் தொடங்கியது நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். மரம் அதற்கு வெகுமுன்பே அலங்காரத்துக்காக இங்கே நடப்பட்டிருந்தது. ‘முதலில் வந்த’ என்பதை ‘முதலில் வணிக அளவில் பயிரிடப்பட்ட’ என்று திருத்தினால் போதும். தேடும்போது தென்னமாரம், தென்னமாரான் என இரண்டு ரூமி எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும், ஆவணங்களில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. இரண்டாவது, ஊர்ப் பெயர். பெஸ்தாரி ஜெயா என்பது 2007இல் வந்த பெயர். 1958க்கான பதிவேடு, நாளிதழ், நிலப் பத்திரம் எல்லாமே பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரில்தான் இருக்கும். புதுப் பெயரில் மட்டும் தேடிவிட்டு ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதும் தாள்கள் ஒவ்வொரு பருவத்திலும் வருகின்றன. பழைய நாளிதழ்களுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி காப்பகம் பெரிய உதவி. தமிழ் முரசும் அங்கே இருக்கிறது.

மூன்றாவது, ‘தொடங்கப்பட்ட’ ஆண்டு. முதல் கூட்டம் நடந்த நாளா, பதிவு பெற்ற நாளா? கூட்டுறவுக் கழகம் என்றால் கூட்டுறவு ஆணையத்தின் பதிவுச் சான்றிதழ், சங்கம் என்றால் சங்கப் பதிவிலாகா, நிறுவனம் என்றால் எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையம். மூன்றையும் குழப்பிக்கொண்டு எஸ்எஸ்எம்மில் கோவிலைத் தேடுகிறவர்கள் உண்டு. நான்காவது, 480 பேர் எந்தத் தேதிக்கு? பேரேட்டில் இறந்தவர் பெயர் நீக்காமல் கிடந்தால் எண்ணிக்கை ஊதிப்போகும். தணிக்கை செய்த ஆண்டறிக்கையில் உள்ள எண், அந்த அறிக்கையின் தேதியோடு மட்டுமே தாளில் ஏற வேண்டும். ஐந்தாவது, ஊதியம். குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதத்துக்கு 1,700 ரிங்கிட், ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல். இது அடிப்படைச் சம்பளத்துக்கான வரம்பு. மிகைநேரப் பணத்தையும் சேர்த்து 1,900 கொடுத்துவிட்டு ‘மேலாக’ என்று சொல்ல முடியாது. இரண்டு சம்பளச் சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தாளில் ஐந்து கட்டங்கள் போதும்: வரிசை எண், கூற்று, சொன்னவர், சொன்னவரைச் சாராத ஆவணம், முடிவு. முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும்: உறுதி, வாடிக்கையாளர் கூற்று, நீக்கு. நடுவில் உள்ளதுதான் வழுக்கும் இடம். கருத்தையும் எதிர்பார்ப்பையும் ‘என்று தலைவர் தெரிவித்தார்’ என்று எழுதலாம். எண்ணையும் தேதியையும் அப்படி அவர் தலையில் கட்டிவிட்டுத் தப்ப விடக்கூடாது. ஒரு பக்க அறிக்கையில் இருபது முப்பது கூற்றுகள் தேறும். தாள் முதலில் வர வேண்டும், அறிக்கை அதற்குப் பிறகு. வரிசையை மாற்றினால், எழுதிய வரிக்கு ஏற்ற ஆதாரத்தைத் தேடிப் பொருத்துவார்கள். மதிப்பெண்ணில் அறுபது தாளுக்கு, நாற்பது அறிக்கைக்கு.

தொலைபேசியில் கேட்பதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். செயலாளர் “தலைவரே சொல்லிட்டாரே தம்பி, அப்புறம் என்ன?” என்பார், அநேகமாக எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். மாணவர் வாயடைத்துப் போகாமல், “நாளைக்கு நிருபர் தலைவரைத்தான் கேப்பாங்க ஐயா, அவருக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னுதான். ஆண்டறிக்கையில அந்தப் பக்கத்தை மட்டும் படம் பிடிச்சு அனுப்ப முடியுங்களா?” என்று கேட்கப் பழக வேண்டும். வரும் படத்தில் அடையாள அட்டை எண்கள் இருந்தால் அழித்துவிட்டுத்தான் கோப்பில் சேர்க்க வேண்டும், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது. பிறகு தாள்களை ஜோடி மாற்றிச் சரிபார்க்க வைக்கலாம். ஆசிரியர் முன்கூட்டியே ஒரு எண், ஒரு பெயர், ஒரு தேதி என மூன்று பிழைகளை ஒளித்து வைத்தால் யார் உண்மையில் ஆவணத்தைத் திறந்தார்கள் என்பது தெரியும்.

இந்த முறையின் விலை ஆசிரியரின் நேரம். ஒரு தாளைத் திருத்த நாற்பது நிமிடமாவது போகும். நாற்பது பேர் வகுப்பென்றால் எல்லா வரியையும் பார்க்க முடியாது. ஆளுக்கு ஐந்து வரிகளை எழுந்தமானமாக எடுத்து, அந்த ஆவணங்களை மட்டும் திறந்து பார்க்கிறோம். நகரத்து விளம்பர நிறுவனத்துக்குப் போகிறவர்களுக்கு இதே தாள் எவ்வளவு தூரம் உதவும் என்பதில் எங்களுக்கு அனுபவம் கொஞ்சம்தான். அங்கே நிறுவனத்தின் சட்டத் துறை குறுக்கே நிற்கும். இன்னொன்று, பயிற்சிக் கோப்பு பழசாகும். ஊதிய ஆணை மாறும், நிறுவனப் பெயர் மாறும்: தோட்ட நிறுவனமான சைம் டார்பி பிளான்டேஷன் 2024இல் எஸ்டி கத்ரி ஆனது. அவற்றைத் திருத்துவதோடு, கற்பனைக் கழகத்தின் ஆண்டையும் உறுப்பினர் எண்ணிக்கையையும் ஒவ்வொரு பருவமும் மாற்றிவிட வேண்டும். முந்தைய வகுப்பின் விடைத்தாள் புலனக் குழுவில் முதல் வாரமே வந்துவிடுகிறது.