போட் இன்ஜினுக்கு கருப்பெண்ணெய் மாத்த கைப்பம்பா, பேட்டரி பம்பா, போர்மேனா?

மலேசியாவுல ஊத்தான் மெலிந்தாங் பக்கம் தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு கருப்பெண்ணெய் (இன்ஜின் ஆயில்) மாத்துறது புது வேலை இல்ல, டிராக்டருக்கு அடியில படுத்து சம்ப் (இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் சட்டி) போல்ட்ட கழட்டி கீழ தொட்டிய வச்சா தானா கொட்டிரும். இன்ஜின் உள்ளயே இருக்கிற இன்போர்டு போட்லயும் அதே போல்ட் இருக்கு, ஆனா கை போகாது. கை போனாலும் சம்புக்கும் பில்ஜுக்கும் (போட்டோட அடிப்பள்ளம்) நடுவுல தொட்டி வைக்க எடம் கெடையாது. அதனால ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக் ஓட்டை வழியா மேலருந்து உறிஞ்சித்தான் எடுக்கணும், இல்லன்னா போர்மேன (மெக்கானிக்க) கூப்பிடணும். நான் பேட்டரி பம்பும் வச்சிருந்தேன், போர்மேன்கிட்டயும் விட்டிருக்கேன், இப்ப கைப்பம்புதான். ஜெட்டில எது வாங்கலாம்னு யார் கேட்டாலும் அதத்தான் சொல்றேன், ஏன்னு கொஞ்சம் விவரமா எழுதுறேன்.

மொதல்ல சுலபமான விஷயங்கள். காசு பாத்தா 12 வோல்ட் குட்டி பேட்டரி பம்புதான் மலிவு. டேங்க் வச்ச கைப்பம்பு அதவிட ரெண்டு மூணு மடங்கு இருக்கும், ஷோப்பீ ஆன்லைன் கடையில விலை ஏறி எறங்கும், பாத்துக்கங்க. போர்மேன் கூலி ஒவ்வொரு தடவையும் போயிகிட்டே இருக்கும், அதோட அவருக்கு நேரம் கெடைக்கணும், தண்ணி ஏத்தமும் ஒத்து வரணும். வேகம்னா பேட்டரி பம்பு. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், இத வச்சு முடிவு பண்ணாதீங்க.

முடிவு பண்ண வேண்டியது ஒரே ஒரு விஷயம்: பழைய ஆயில் எவ்வளவு உள்ளயே தங்கிருச்சுன்னு உங்களுக்கு தெரியுதா இல்லையா.

போட் இன்ஜின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சாய்வுக்கு ஏத்த மாதிரி பின்பக்கமா சாஞ்சுதான் உக்காந்திருக்கும், அதனால சம்புல ஆயில் பின்னாடி தேங்கும். உங்க டிப்ஸ்டிக் குழாய் நடுவுலயோ முன்னாடியோ எறங்குச்சுன்னா டியூப் அந்த ஆழமான எடத்துக்கு போகவே போகாது. பம்பு காத்த இழுக்க ஆரம்பிச்சதும் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு புது ஆயில ஊத்திருவோம். என்னோடது மூணு சிலிண்டர் பழைய யன்மார், மொத்தமே மூணு லிட்டருக்கு கொஞ்சம் கீழதான் புடிக்கும். அதுல அரை லிட்டர் அழுக்கு உள்ள தங்குச்சுன்னா ஆறுல ஒரு பங்கு பழசு, அதுல கரியும் இருக்கு, டீசல் கந்தகத்தால வந்த ஆசிடும் இருக்கு, சும்மா கட்டி வச்ச போட்ல ஈரம் வேற சேர்ந்திருக்கும். புதுசு ஊத்தி ஸ்டார்ட் பண்ண ஒடனே கருத்துப்போச்சுன்னு சில பேர் ஆயில் கம்பெனிய திட்டுவாங்க. டீசல்ல கொஞ்சம் கருக்கத்தான் செய்யும், ஆனா பாதி குத்தம் உள்ள தங்குன பழசுமேலதான்.

இங்கதான் கைப்பம்பு ஜெயிக்குது. அதோட டேங்க்ல லிட்டர் கோடு இருக்கு. மேனுவல்ல போட்டிருக்கிற அளவையும் டேங்க்ல வந்த அளவையும் பாத்தா எவ்வளவு மிச்சம்னு கண்ணுக்கு தெரிஞ்சிரும் (பில்டர்ல கொஞ்சம் நிக்கும், அதையும் கணக்குல சேத்துக்கங்க). கொறஞ்சா டியூப சம்ப் அடி தட்டுற வரைக்கும் எறக்கி ஒரு நூல் அளவு மேல தூக்கி, கொஞ்சம் திருப்பி மறுபடி இழுக்கலாம், அவசரமே இல்ல ஏன்னா டேங்க்ல வேக்கும் (காத்தில்லாத இழுப்பு) பிடிச்சு வச்சிட்டா அது பாட்டுக்கு மெதுவா உறிஞ்சும். பத்து நிமிஷம் விட்டா மேல சிலிண்டர் பக்கம் ஒட்டியிருந்ததும் கீழ வடிஞ்சிரும், திரும்ப ஒரு இழுப்பு. கூட ஒரு ஆள் இருந்தா இன்னும் நல்லது, "தம்பி முன்னாடி போய் நில்லுப்பா"ன்னு சொன்னா போட் மூக்கு எறங்கி பின்னாடி தேங்குன ஆயில் டியூப் பக்கம் ஓடி வரும், சின்ன போட்ல இது நல்லாவே வேலை செய்யுது.

இன்னொன்னு, பெர்னாம் ஆத்துல தண்ணி வத்துச்சுன்னா போட் சேத்துல உக்காந்து ஒருபக்கமா சாஞ்சிரும், அப்ப உறிஞ்சினாலும் சரி, டிப்ஸ்டிக் பாத்தாலும் சரி, அளவு தப்பாத்தான் காட்டும். தண்ணி ஏறி போட் மெதக்கும்போதுதான் இந்த வேலைய பண்ணனும். அதுக்கு முன்னாடி பத்து பதினஞ்சு நிமிஷம் இன்ஜின ஓட விட்டு சூடாக்கிட்டு நிறுத்திருங்க, ஆயில் எளகும், அடியில படிஞ்ச அழுக்கும் கலங்கி கூடவே வந்துரும். ரொம்ப கொதிக்க விடாதீங்க, டியூப் கொழகொழன்னு ஆயிரும், கையும் வெந்துரும்.

பேட்டரி பம்புக்கு டேங்க் கெடையாது, வெளிய வர்ற டியூப நீங்கதான் ஒரு போத்தல்ல சொருகணும். பக்கத்துல ஒரு மீன்பிடி போட் போனா அலையில ஆடி டியூப் வெளிய குதிச்சிரும், அவ்வளவு வேகமா தள்ளுற பம்பு பில்ஜ் பூரா ஆயில் ஆக்கிரும். அப்புறம் பில்ஜ்ல சேர்ற தண்ணிய வெளிய தள்ளுற ஆட்டோ பில்ஜ் பம்பு தானா ஓடி அத ஆத்துல கொட்டிரும். எந்த பம்பு வச்சிருந்தாலும் ஆயில் மாத்துற அன்னைக்கு பில்ஜ் பம்பு சுவிச்ச மொதல்ல அடைச்சிருங்க. நம்ம நாட்டு கடல்ல ஆயில் விடுறது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்துல 27ஆவது பிரிவுப்படி குத்தம், சட்டத்த விடுங்க, இதே தண்ணியிலதான் நம்மாளுங்க மீனும் இறாலும் பிடிக்கிறாங்க. ஆயில் ஆறியிருந்தா அந்த குட்டி மோட்டார் தெணறி சூடாகி பியூஸும் போகும். ஆனா பத்து லிட்டருக்கு மேல புடிக்கிற பெரிய இன்ஜின் வச்சிருக்கவங்களுக்கு நல்ல தரமான கரண்ட் பம்புதான் சரி, அவ்வளவையும் கையால இழுக்க முடியாது.

போர்மேன குறை சொல்ல மாட்டேன். நல்ல போர்மேன் வந்தா பெல்ட், தண்ணி பம்பு இம்பெல்லர் (தண்ணி தள்ளுற ரப்பர் சக்கரம்), ஜிங்க் (அரிப்ப தாங்குற துத்தநாகக் கட்டி) எல்லாம் ஒரு கண்ணு பாத்துருவாரு, அதுக்காக வருஷத்துக்கு ஒரு தடவ கூப்பிடலாம். ஆனா எவ்வளவு எடுத்தீங்க அண்ணேன்னு கேட்டா எல்லாம் எடுத்தாச்சும்பாரு, அளந்து சொல்ற ஆள நான் பாக்கல.

சம்ப் போல்ட் எடத்துல ஒரு ஹோஸ நிரந்தரமா மாட்டி வால்வு வச்சு எடுக்குற வழியும் இருக்கு, சில இன்ஜின் கம்பெனிலருந்தே பித்தளை கைப்பம்போட வருது. கூட்டாளி போட்ல ஒரு தடவ பாத்தேன், சுத்தமா வடியுற மாதிரிதான் இருந்துச்சு. எனக்கு அதுல சொந்த அனுபவம் இல்ல, ஆனா அந்த ஹோஸ் வெடிச்சாலோ கழண்டாலோ மொத்த ஆயிலும் போயிருமேன்னு யோசனையாவே இருக்கு.

பில்டர் கழட்டும்போது படுக்கவசமா மாட்டியிருந்தா ஒரு பிளாஸ்டிக் பைய போத்தி கழட்டுங்க, பழைய ரப்பர் வளையம் இன்ஜின்ல ஒட்டியிருக்கான்னு பாருங்க. புது ஆயில மேனுவல் அளவ பாத்து ஒரே மூச்சுல ஊத்தாதீங்க, எவ்வளவு வெளிய வந்துச்சோ அதுக்கும் கொஞ்சம் கம்மியா ஊத்தி, ஓட்டி நிறுத்தி, டிப்ஸ்டிக் பாத்து மிச்சத்த ஊத்துங்க. கூடுதலா போனா கிராங்க் அடிச்சு நொரை வரும், சில நேரம் பிரீதர் (இன்ஜின் காத்து விடுற குழாய்) வழியா ஆயில இன்ஜினே உறிஞ்சி நிக்காம ஓடும். வெளிய எடுத்த ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தா புதுச ஊத்தி ஓட்டிராதீங்க, தண்ணி எங்கருந்து வந்துச்சுன்னு மொதல்ல கண்டுபிடிங்க.

பழைய ஆயில வேலிக் கட்டைக்கு கரையான் மருந்தா பூசுறது, கொசுவுக்கு கால்வாயில ஊத்துறது, தோட்டத்துல காலங்காலமா நடந்ததுதான், தயவுசெஞ்சு வேணாம், மழை பேஞ்சா நேரா ஆத்துக்குத்தான் வரும். அது சட்டப்படி எஸ்டபிள்யூ 305 (பழைய மசகு எண்ணெய்) வகை அட்டவணைக் கழிவு. டிரம்முல சேத்து வைக்கிற ஒர்க்‌ஷாப்ல கேட்டா நெறைய பேர் வாங்கிக்குவாங்க, லைசென்ஸ் லாரி வந்து எடுத்துட்டு போகும். கைப்பம்பு டேங்க மூடி அப்படியே மோட்டார் சைக்கிள்ல வச்சு கொண்டுபோயிரலாம்.

பெட்ரோல் இன்போர்டு நான் வச்சதில்ல. ஆனா அதுல பில்ஜ்ல ஆவி தேங்கி நிக்கும்ங்கிறதால பொறி பறக்கிற மலிவு மோட்டார் பம்ப உள்ள எறக்கவே கூடாது. ஆவிய வெளிய தள்ளுற புளோவர் ஃபேன ஓட்டிட்டு கைப்பம்புலயே எடுங்க, அதே பம்புல பெட்ரோல மட்டும் உறிஞ்சாதீங்க.