பல்சீரமைப்பில் மினி ஸ்க்ரூ: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

பல்லுக்குக் கிளிப் போட வருகிறவர்களில் பலர் இப்போது தாடை எலும்பில் பதிக்கும் சிறு திருகான மினி ஸ்க்ரூவைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டே வருகிறார்கள். சிலருக்கு அச்சம், சிலருக்கு அதைப் போட்டால் சிகிச்சை பாதிக் காலத்தில் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை. பல்சீரமைப்பு மருத்துவராக இதை நெடுநாள் பயன்படுத்திவரும் எனக்கு இரண்டுமே பொருத்தமாகப் படவில்லை. என் கைக்கு வந்த கருவிகளில் இந்த அளவுக்கு உதவியது வேறொன்றில்லை. அப்படியிருந்தும், இழுக்கும் விசை எந்தக் கோட்டில் செல்கிறது என்பதை யோசிக்காமல் ஸ்க்ரூவை மட்டும் நம்பினால் பல் நாம் நினைத்த இடத்துக்குப் போகாது.

முதலில் அது தீர்த்துவைக்கும் சிக்கலைச் சொல்கிறேன். மேல் முன்பற்கள் துருத்திக்கொண்டிருப்பவருக்கு இருபுறமும் ஒரு முன்கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டு, கிடைத்த இடத்துக்குள் முன்பற்கள் ஆறையும் பின்னுக்கு இழுக்கிறோம். கடைவாய்ப்பல்லில் கட்டி இழுத்தால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே விசை கடைவாய்ப்பல்லை முன்னுக்கு இழுக்கும். இரண்டு படகுகளைக் கயிற்றால் இணைத்து, ஒன்றில் நின்று மற்றதை இழுப்பதைப் போன்றது இது. இரண்டும் நகர்ந்து நடுவில் சந்திக்கும். கிடைத்த 7 மில்லிமீட்டர் இடத்தில் ஒரு பங்கைக் கடைவாய்ப்பல் தின்றுவிட்டால், உதடு உள்ளே போக வேண்டிய அளவுக்குப் போகாது. இதைத் தடுக்கத் தலையைச் சுற்றி மாட்டும் ஹெட்கியரைக் கொடுத்து, இரவெல்லாம் போட்டுக்கொள்ளச் சொல்வோம். கல்லூரிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் அதை எவ்வளவு நேரம் போடுவார்கள்? அவர்களைக் குறை சொல்வதில் நியாயமும் இல்லை.

இப்போது கடைவாய்ப்பல்லுக்குப் பதிலாக எலும்பில் பதித்த ஸ்க்ரூவிலிருந்து இழுக்கிறோம். அது அசையாமல் நிற்பதன் காரணம் எளிமையானது. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது. விசை கொடுத்தால் ஒரு பக்கம் அது நசுங்கி, அங்கே எலும்பு கரைகிறது. மறுபக்கம் இழுபட்டு, அங்கே புது எலும்பு உண்டாகிறது. பல் நகர்வது இந்தச் சவ்வின் வேலையால்தான், அதுவும் மாதத்துக்கு 1 மில்லிமீட்டர் அளவில். ஸ்க்ரூவுக்கு அந்தச் சவ்வு கிடையாது. 1.2 முதல் 2 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள டைட்டானியம் கலவைத் திருகு, தாடை எலும்பின் கெட்டியான வெளிப்புற அடுக்கைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. விழுந்த பல்லுக்குப் பதிலாக வைக்கும் பெரிய இம்பிளான்ட்டைப் போல எலும்போடு இறுகும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே ஸ்பிரிங்கை மாட்டிவிடலாம். வேலை முடிந்ததும் திருகிக் கழற்றவும் முடிகிறது. விசை தொடர்ந்து இழுக்கும்போது சில ஸ்க்ரூக்கள் எலும்புக்குள்ளேயே சற்றுச் சாயும். அதனால் பக்கத்து வேருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுவது என் வழக்கம்.

இந்த எண்ணம் பழையது. 1945இல் கெய்ன்ஸ்ஃபோர்த்தும் ஹிக்லியும் நாய்களின் தாடையில் திருகு வைத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் எல்லாம் தளர்ந்துவிட்டன. 1983இல் கிரீக்மோரும் எக்லண்டும் ஒரு நோயாளியின் முன்பற்களைத் திருகின் உதவியால் மேலேற்றிக் காட்டினார்கள். 1997இல் ஜப்பானின் கனோமி மிகச் சிறிய திருகைக் கொண்டுவந்த பிறகுதான் இது அன்றாடச் சிகிச்சைக்குள் நுழைந்தது.

இனி விசைக்கோட்டுக்கு வருகிறேன். பல்லில் நாம் பிடித்து இழுக்கக்கூடிய இடம் வெளியே தெரியும் தலைப்பகுதி மட்டும்தான். பல்லின் எதிர்ப்பு மையமோ, அதாவது விசை அதன் வழியே சென்றால் பல் சாயாமல் நகரும் புள்ளியோ, எலும்புக்குள், வேரில் இருக்கிறது. பல்லின்மேல் ஒட்டும் பிராக்கெட்டிலிருந்து அது 10 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 150 கிராம் விசையால் இழுத்தால் பல்லைச் சுழற்றப் பார்க்கும் 1500 கிராம்-மில்லிமீட்டர் திருப்புத்திறன் உண்டாகும். பல்லின் தலை பின்னே சாயும், வேர் இருந்த இடத்திலேயே நிற்கும், அல்லது முன்னே தள்ளும். சாயாமல் முழுப் பல்லும் நகர வேண்டுமென்றால் அதற்கு ஈடான எதிர்த்திருப்பம் வேண்டும். எதிர்த்திருப்பத்துக்கும் விசைக்கும் பாடநூல்கள் சொல்லும் 10க்கு 1 என்ற விகிதம் இதுதான். ஸ்க்ரூ இந்தக் கணக்கில் ஒரு புள்ளியைக்கூட மாற்றுவதில்லை. கடைவாய்ப்பல்லைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு முன்பல்லை நம் பொறுப்பில் விட்டுவிடுகிறது.

இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்கும் முதல் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே, பிராக்கெட்டுகளில் கோத்த வயருக்கு மேலே ஸ்க்ரூவை வைக்கிறோம். கோரைப்பல்லுக்கு முன்னால் வயரில் ஒரு ஹூக். இரண்டையும் நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலவையாலான ஸ்பிரிங் இணைக்கிறது. ஸ்க்ரூ உயரத்தில் இருப்பதால் இழுப்பு பின்னோக்கி மட்டும் இல்லாமல் மேல்நோக்கியும் செல்லும். 20 பாகைக் கோணத்தில் 200 கிராம் இழுத்தால் பின்னோக்கி 188 கிராமும் மேல்நோக்கி 68 கிராமும் கிடைக்கும். சிரித்தால் ஈறு அதிகம் தெரிகிறவருக்கு இந்த 68 கிராம் பெரிய வரம். முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் திறந்து நிற்கும் வாய்க்கு இதே 68 கிராம் கேடு. இருக்கும் இடைவெளி இன்னும் கூடும்.

கணக்கு அத்துடன் நிற்பதில்லை. கட்டியான வயரில் கோத்த மேல்வரிசைப் பற்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பொருளைப் போல நடந்துகொள்கின்றன; அதற்கும் ஓர் எதிர்ப்பு மையம் உண்டு. விசைக்கோடு அதற்குக் கீழே சென்றால் வரிசை முழுவதும் சுழலும். முன்பற்கள் உள்ளே சாய்ந்து கீழே தொங்கும். பின்பற்கள் மேலேறி, மெல்லும்போது கீழ்ப் பற்களைத் தொடாமல் போகும். மேல்நோக்கிய இழுப்பும் இந்தச் சுழற்சியும் முன்பற்களில் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன. எது வெல்லும் என்பதை ஹூக்கின் உயரமும் வயரின் கட்டித்தன்மையும் தீர்மானிக்கின்றன. நீளமான ஹூக்கைப் போட்டால் கோடு மையத்தை நெருங்கும், சாய்வு குறையும். மெல்லிய வயரில் இது பலிக்காது, வயரே வளைந்துவிடும். 0.019 × 0.025 அங்குல எஃகு வயர் வந்த பிறகுதான் நான் இழுக்கத் தொடங்குகிறேன். இழுப்பதற்கு முன் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவிலிருந்து ஹூக்குக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு வருகையிலும் அதே கோணத்தில் புகைப்படம் எடுத்து ஒப்பிடுவேன். இளம் மருத்துவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்தப் பழக்கத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடைவாய்ப்பல்லை மேலேற்றித் திறந்த வாயை மூடுவது, ஸ்க்ரூ வருவதற்கு முன் பெரும்பாலும் தாடை அறுவைக்குப் போன வேலை. கடைவாய்ப்பல் 1 மில்லிமீட்டர் ஏறினால் கீழ்த்தாடை சுழன்று, முன்னே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மூடும். கன்னப் பக்கம் மட்டும் இழுத்தால் பல் வெளியே சாய்ந்து, அதன் உள்முனை கீழே இறங்கி, வாயை இன்னும் திறந்துவிடும். ஆகவே அண்ணப் பக்கமும் ஒரு ஸ்க்ரூ, இல்லையென்றால் இரண்டு கடைவாய்ப்பற்களையும் அண்ணத்தின் குறுக்கே இணைக்கும் கம்பி கட்டாயம் வேண்டும்.

வலியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஈறு மரக்கும் அளவுக்குக் கொஞ்சம் மருந்துதான் போடுகிறோம்; வேரை நெருங்கினால் நோயாளிக்குத் தெரிய வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். பெரும்பாலோர் அழுத்தம் தெரிந்தது, வலிக்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள். கழற்றும்போது ஊசியே தேவைப்படாதவர்கள் நிறையப் பேர். உண்மையான தொல்லை பிறகு வருவது: ஸ்க்ரூவின் தலை கன்னத்தில் உரசிப் புண்ணாவது, அசையும் மென்சதை அதன்மேல் வளர்ந்து மூடுவது. பல்லைச் சுற்றி இறுக்கமாக ஒட்டிய ஈறில் வைத்தால் இது குறையும். மென்மையான பிரஷ்ஷால் ஸ்க்ரூவைச் சுற்றித் தினமும் துலக்குவதும், நாக்கால் தள்ளிக்கொண்டே இராததும் நோயாளியின் பங்கு.

தளர்வதும் உண்டு. வெளியான ஆய்வுகளின் தொகுப்பு நூற்றுக்கு 13 அளவில் தோல்வி என்று காட்டுகிறது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை என்று கருதுகிறேன். எலும்பு கெட்டியாக இருந்தும் கீழ்த்தாடையில்தான் தோல்வி கூடுதல். வேரைத் தொட்டபடி இருக்கும் ஸ்க்ரூ நிலைப்பது அரிது. வளரும் பிள்ளைகளின் எலும்பு இளசாக இருப்பதால் அவர்களுக்கு இதை அவசரமாகப் பரிந்துரைப்பதில்லை. தளர்ந்ததைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தள்ளி வேறொன்றை வைப்பதில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை.

இடம் மூடியதும் ஸ்க்ரூவை உடனே எடுத்துவிடும்படி பலர் கேட்பார்கள். கடைவாய்ப்பல்லை மேலேற்றியவர்களுக்கு நான் சம்மதிப்பதில்லை. ஏற்றிய பல் ஓரளவு இறங்கவே செய்யும், அதுவும் பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள். அதனால் இழுக்கும் ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துவிட்டு, பல்லை ஸ்க்ரூவோடு மெல்லிய கம்பியால் கட்டிச் சில மாதங்கள் அப்படியே விடுகிறேன். கழற்றிய பிறகு, பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் காக்கும் ரிட்டெய்னரை, கடைவாய்ப்பற்களையும் மூடும்படியாகத் தருகிறேன்.