சந்தா பாதியாகிவிட்டதாம், வாங்கலாமா என்று கேட்டவருக்கு

பயணத் திட்டச் செயலி ஒன்றை ஆறு வருடமாக வைத்திருக்கிறேன் என்பது தெரிந்த நண்பர், அதன் சந்தா பாதியாகக் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா என்று கேட்டார். "வாங்காதீங்க" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டேன். அப்புறம் யோசித்தால் அது கோபத்தில் போட்ட பதில், நியாயமான பதில் இல்லை. அதனால் இது.

டிக்கெட் வந்த மின்னஞ்சலை அனுப்பினால் தேதி, அரங்கு, இருக்கை எண் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்ளும், இணையம் இல்லாமலும் வரைபடம் திறக்கும் என்பதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள், உண்மையும்தான். இத்தனை வருடத்தில் என் டிக்கெட் ஒன்றைக்கூட அது தொலைத்ததில்லை. நான் தொலைத்திருக்கிறேன், அது எடுத்துக் கொடுத்திருக்கிறது.

எனக்கு அதனோடு தகராறு ஒன்றே ஒன்றுதான். ஒரு நாளைக்கான இடங்களை நாம் ஒரு வரிசையில் போட்டால், தூரத்தைக் கணக்குப் பார்த்து அது வரிசையை மாற்றிவிடும். கிட்டே இருப்பது முதலில், எட்டே இருப்பது பிறகு. புதிதாக ஒரு இடம் சேர்க்கும் ஒவ்வொரு முறையும், நாம் கேட்காமலேயே. சும்மா ஊர் சுற்றுகிறவர்களுக்கு இது வசதி, கால்வலி மிச்சம். ஆனால் கச்சேரி, ஓவியம், கட்டடம் என்று ஒரு நகரத்துக்குப் போகிறவனுக்கு நாள் முழுவதும் கடிகாரத்தில் மாட்டித் தொங்குகிறது. ஏழரைக்குத் திரை விலகும் என்றால் அந்த ஏழரையிலிருந்து பின்னோக்கித்தான் மற்ற எல்லாவற்றையும் வைக்க முடியும். நடை மிச்சமாகிறதே என்று ஓபராவைக் காலையில் பார்க்க முடியுமா?

பார்சிலோனாவில்தான் முதலில் சூடுபட்டேன். சக்ராதா ஃபமீலியா தேவாலயத்தின் கிழக்குப் பக்க ஜன்னல்களில் நீலமும் பச்சையும், மேற்குப் பக்கத்தில் சிவப்பும் ஆரஞ்சும். எந்த நேரத்தில் நுழைகிறோமோ அந்த நேரத்துக் கோயில்தான் நமக்குக் கிடைக்கும். சாயங்கால வெயிலில் மேற்குப் பக்கம் தீப்பற்றியதுபோல் இருக்கும் என்று படித்துவிட்டு அதற்காகவே போனவன் நான். ஓட்டலுக்குப் பக்கம் என்பதால் செயலி அதைக் காலை ஒன்பதுக்குத் தூக்கிப் போட்டது, நானும் கவனிக்காமல் அந்த நேரத்துக்கே அனுமதிச்சீட்டு எடுத்துவிட்டேன். நீலம் அழகாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

அதே ஊரில் பலாவ் டி லா மூசிகா என்ற இசை அரங்கம். 1908இல் திறந்தது, டொமெனெக் இ மொன்டானெர் என்ற கட்டடக் கலைஞரின் வேலை. கூரை நடுவிலிருந்து தலைகீழ்க் குவிமாடம்போல் இறங்கும் வண்ணக் கண்ணாடியில் பகல் வெளிச்சம் வடிந்து அரங்கத்துக்குள் விழும். கச்சேரி கேட்க ராத்திரி போனால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் சூரியன் இருக்காது, கட்டடத்தைப் பார்க்கப் பகலில் போனால் கச்சேரி இருக்காது. எனவே இரண்டு தடவை போக வேண்டும், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பகல் ஒன்று, இரவு ஒன்று என்று இரண்டாகப் போட்டேன். "இந்த இடம் ஏற்கெனவே பட்டியலில் உள்ளது, இணைக்கட்டுமா?" என்று கேட்டது. வேண்டாம் என்றேன். கச்சேரியன்று காலையில் எதையோ சேர்க்கப்போய், மறுபடி கேட்டபோது அவசரத்தில் எதைத் தொட்டேனோ, இணைத்துவிட்டது. பகல் வருகை காணாமல் போனது, கச்சேரி மட்டும் மிஞ்சியது. மேலே கறுப்பாகத் தெரிந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வாத்திய இசை கேட்டேன்.

ரோம் கதையைக் கேளுங்கள். சான் லூயிஜி டெய் ஃப்ராஞ்சேஸி தேவாலயத்தில் கரவாஜ்ஜோவின் மூன்று மத்தேயு ஓவியங்கள் இருக்கின்றன. அங்கிருந்து பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்குச் சில நிமிட நடைதான். காலை பத்துக்குத் தேவாலயம், நண்பகலுக்குப் பாந்தியன் என்று போட்டிருந்தேன், காரணத்தோடுதான். பாந்தியனின் குவிமாட உச்சியில் உள்ள திறப்பு வழியாக விழும் வெயில் வட்டம், கோடையில் நண்பகல் வாக்கில்தான் தரைக்கு இறங்கும். தேவாலயமோ மதியம் கதவைச் சாத்திவிடும். வழியில் ஒரு புத்தகக் கடையைச் சேர்த்தேன், அவ்வளவுதான். பாந்தியன் பத்து மணிக்கு, கரவாஜ்ஜோ ஒரு மணிக்கு. வெயில் வட்டம் எங்கோ மேலே குவிமாடக் கட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, ஓவியத்துக்கு விளக்குப் போடுவதற்கான நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூடிய கதவுக்கு முன்னால் நின்றேன்.

இப்படி நடந்தபோதெல்லாம் தப்பு பாதி என்னுடையதுதான் என்று மனைவி சொல்வாள். ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம்தான். ஆனால் பார்க்காமல் கிளம்பத்தானே செயலிக்குக் காசு கொடுக்கிறோம்?

இன்னொன்று, எந்த இடத்துக்கும் அது ஒரு சராசரி நேரம் வைத்திருக்கிறது. பதுவாவில் ஜொத்தோ வரைந்த ஸ்க்ரோவெக்னி சிற்றாலயத்துக்கு ஒன்றரை மணிநேரம் ஒதுக்கியது. மூச்சுக்காற்றின் ஈரம் சுவரோவியங்களைக் கெடுக்காமலிருக்க முதலில் ஓர் அறையில் கால் மணிநேரம் உட்கார வைப்பார்கள், உள்ளே கிடைப்பது இன்னொரு கால் மணிநேரம், அவ்வளவே. ஓபராவுக்கோ இரண்டு மணிநேரம். வாக்னரின் பார்சிஃபால் இடைவேளைகளோடு ஐந்து மணிநேரத்தைத் தொடும் என்பது அதற்குத் தெரியாது. முதல் அங்கம் முடிகிற நேரத்துக்கு எனக்கு மொட்டைமாடிக் காட்சி ஒன்றைப் பரிந்துரைத்தது. சிரிப்புத்தான் வந்தது. (ஜூலையில் வியன்னா போய் இறங்கி, அரசு ஓபராவில் கோடை விடுமுறை என்று அங்கேதான் தெரிந்துகொண்டதற்குச் செயலியைக் குறை சொல்ல மாட்டேன், அது முழுக்க நான்.)

மூன்றாம் வருடம் ஒரு அப்டேட்டில், போட்ட இடம் நகராமல் பிடித்துவைக்க ஒரு பூட்டு வந்தது. மூன்று பேருக்காவது செய்தி சொல்லியிருப்பேன், அவ்வளவு சந்தோஷம். பயன்படுத்திப் பார்த்தபின்தான் தெரிந்தது, அது நேரத்தைப் பூட்டவில்லை, வரிசை எண்ணைப் பூட்டுகிறது. கச்சேரியை மூன்றாவதாகப் பூட்டினால் மூன்றாவதாகவே இருக்கும், அது மாலை ஏழரையா மதியம் இரண்டா என்பது அதன் கவலை இல்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டேன். என் கருத்து அவர்களுக்கு முக்கியம் என்று இரண்டு முறையும் பதில் வந்தது.

சரி, அதே கிறுக்குத்தனம் எனக்குச் செய்த ஒரு நல்லதையும் சொல்லிவிட வேண்டும். பாரிஸில் சான் சுல்பீஸ் தேவாலயத்தில் டெலாக்ருவாவின் சுவரோவியங்களைக் காலை வெளிச்சத்தில் பார்ப்பதாகத் திட்டம். வழக்கம்போல் மாற்றிவிட்டது, போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, யாக்கோபும் தேவதூதனும் மல்லுக்கட்டுவது பாதி இருட்டில்தான் தெரிந்தது. திட்டிக்கொண்டே திரும்பும்போது மேலே ஆர்கன் ஆரம்பித்தது. 1862இல் காவயே-கோல் என்ற ஆர்கன் கட்டும் கலைஞர் புதுப்பித்துக் கட்டிய அந்தப் பெரிய ஆர்கன். கச்சேரி இல்லை, யாரோ சாதகம் செய்துகொண்டிருந்தார். ஓர் இடத்தில் நின்றது. மறுபடி அதே நாலு வரி. மறுபடி நின்றது. இந்த முறை கொஞ்சம் மெதுவாக. ஆளில்லாத நாற்காலிகளுக்கு நடுவே முக்கால் மணிநேரம் உட்கார்ந்திருந்தேன், அந்தச் சிக்கலான இடத்தை அவர் கடைசியில் தாண்டியபோது கைதட்டலாமா என்றுகூட இருந்தது, தட்டவில்லை. டிக்கெட் எடுத்து, தேதி பார்த்து, இருக்கை தேர்ந்தெடுத்துப் போன பல கச்சேரிகள் மறந்துபோய்விட்டன. அந்த நாலு வரி மறக்கவில்லை. இதற்காக அந்தச் செயலியை மன்னித்துவிடலாம் என்று தோன்றும் நாட்களும் உண்டு, ரோமை நினைக்காத நாட்களில்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், டிக்கெட்டுகளை மட்டும் செயலிக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு நாளின் திட்டத்தையும் ஒரு காகிதத்தில் எழுதுகிறேன்: கீழே மாலை நிகழ்ச்சி, அதற்கு மேலே வெளிச்சம் பார்த்துப் போக வேண்டிய கட்டடம், அதற்கும் மேலே அருங்காட்சியகம், ஓரத்தில் அவற்றின் விடுமுறை நாள். லூவ்ருக்குச் செவ்வாய், ஓர்சேக்குத் திங்கள் என்று. கச்சேரியன்று பகலில் இரண்டு இடத்துக்கு மேல் வைப்பதில்லை, கால் ஓய்ந்தவன் இரண்டாம் பாகத்தில் தூங்கிவிடுவான், தூங்கியிருக்கிறேன். காகிதம் தானாக எதையும் மாற்றுவதில்லை.

ஆக, நண்பருக்குச் சொன்னதையே மறுபடி சொல்கிறேன், வாங்காதீங்க. பாதி விலைக்கும் வேண்டாம். நான் புதுப்பித்துவிட்டேன், என்னுடைய ஆறு வருட டிக்கெட் எல்லாம் அதற்குள் இருக்கிறது, என் கதை வேறு. நேற்று ராத்திரி ஹாம்பர்க் பயணத்துக்கு எல்ப்ஃபில்ஹார்மோனி இசை அரங்கின் டிக்கெட்டை அனுப்பினேன், இரவு எட்டு மணிக் கச்சேரி, ஒழுங்காக எடுத்துக்கொண்டது. காலையில் துறைமுக ஓரத்தில் ஒரு அருங்காட்சியகத்தைச் சேர்த்துவிட்டுப் பார்த்தால், கச்சேரி காலை 9:40க்கு இருக்கிறது, பக்கத்தில் பூட்டுப் படத்தோடு.