அந்தாதியா, சகஸ்ரநாமமா?
அம்பாளைப் பாட ஒன்றைப் பழகலாம் என்றால் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்போம். லலிதா சகஸ்ரநாமத்தில் ஆயிரம் பெயர்கள்; முதல் பெயரே ‘ஸ்ரீமாதா’, அம்மா. ஒரே ஓட்டத்தில் போவதால் கூட்டமாகச் சொல்ல ஏற்றது. ஆனால் பழகாத நாக்கு நீண்ட கூட்டுச்சொற்களில் தடுக்கும்.

அபிராமி அந்தாதி, திருக்கடையூர் அம்மனை அபிராமி பட்டர் பாடியது, 100 பாடல்கள். ஒன்று முடியும் இடத்துச் சொல்லில் அடுத்தது தொடங்கும். ‘உதிக்கின்ற’ என்று ஆரம்பித்தது, நூறாவது பாட்டில் ‘உதிக்கின்றவே’ என்று வட்டமாகிவிடும். மனப்பாடத்துக்கு இதைவிட நல்ல பிடிமானம் கிடையாது: அடுத்த பாட்டு மறந்தாலும் முந்தையதன் வால் எடுத்துக்கொடுக்கும். 79ஆவது பாட்டைப் பட்டர் பாடியபோது அமாவாசை வானில் நிலா வந்தது என்பார்கள். அங்கே வந்ததும் என் குரல் தானாகத் தணிந்துவிடும்.

தனியாகப் பாட என் ஓட்டு அந்தாதிக்குத்தான். வெள்ளிக்கிழமை பத்துப் பேர் சேர்ந்தால், சரி, சகஸ்ரநாமம்.